மண்ணெண்ணெய்க் கான்

எனக்குக் கோபம் வந்தால் கண்ணாடிச் சாமான் கழுவுவேன். கிளிநொச்சியில் எங்கள் ஆய்வுகூடத்தில் எல்லோருக்கும் இது தெரியும். நான் குழாயடியில் நின்று குடுவைகளைத் தேய்க்கத் தொடங்கினால் ஒருவரும் கிட்ட வரமாட்டார்கள். "அவா கழுவுறா, இப்ப போய்க் கதை குடுக்காதேங்கோ" என்று மற்றவர்களைத் தடுத்து அனுப்புவது ராத்தாவின் வேலை. ராத்தா எங்கள் ஆய்வுகூட உதவியாளர், தண்ணீரூற்றில் இருந்து பஸ் ஏறி வருகிற முஸ்லிம் பெண். அவருடைய தங்கச்சிமார் கூப்பிடுவது போல நானும் ராத்தா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். நான் சொல்லப்போகிற அந்தக் கிழமை காலையில் இருந்து பின்னேரம் வரை கழுவிக்கொண்டுதான் நின்றேன்.

என்ன வேலை செய்கிறாய் என்று எங்கள் ஊர் பளையில் யாராவது கேட்டால் பதில் சொல்வது பெரிய பாடு. நிலக்கரிச் சுரங்கத்துக் கழிவில் இருந்து அரிய உலோகங்களைப் பிரித்தெடுக்கிற வேலை என்பேன். "இலங்கையிலை எங்கை பிள்ளை நிலக்கரிச் சுரங்கம்?" என்று உடனே கேட்பார்கள். நியாயமான கேள்வி. இல்லைத்தான். கழிவு வந்தது வெளிநாட்டில் இருந்து. எங்கள் பேராசிரியர் முன்பு படித்த இடத்து ஆய்வுகூடம் அனுப்பியது, ஒரு பிளாஸ்டிக் பரல் நிறையக் கறுத்த கல்லும் தூளுமாக. நிலக்கரியை எடுத்துவிட்டு வேண்டாம் என்று சுரங்கக்காரர் மலையாகக் கொட்டுகிற குப்பை அது. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத அளவில் நியோடிமியம் மாதிரிச் சில உலோகங்கள் கிடக்கின்றன. கைத்தொலைபேசிக்கும் காற்றாலைக்கும் காந்தம் செய்கிறவர்கள் அதற்காக உலகம் முழுவதும் அலைகிறார்கள். எங்கள் வீட்டு முற்றத்தில் நின்றால் தெரிகிற காற்றாலைகளைக் காட்டி விளக்குவேன். கேட்டவர்கள் தலையை ஆட்டிவிட்டு, "அப்ப எப்ப கலியாணம்?" என்பார்கள்.

இந்த முறை கைக்கு வந்துவிட்டால் எங்கள் நாட்டு அனல்மின் நிலையத்துச் சாம்பலிலும் அதையே செய்யலாம் என்பது பேராசிரியரின் கனவு. எனக்குக் கனவு ஒன்றும் கிடையாது. எனக்கு அந்த வேலை வேண்டும். அது போனால் கிளிநொச்சியில் என் படிப்புக்கு வேறு வேலை இல்லை, கொழும்புக்குப் போகவேண்டும் அல்லது கடல் தாண்டவேண்டும். அம்மா பளையை விட்டு அசையமாட்டார். யாழ்ப்பாணத்தில் சொந்தக்காரர் வீட்டுக் கலியாணம் என்றாலும் தாலி கட்டினவுடன் பஸ் ஏறி வந்துவிடுவார். அண்ணா வந்தால் எங்கள் காணியைத் தேடித்தான் வருவானாம், வரும்போது வீட்டில் ஆள் இல்லாவிட்டால் என்ன செய்வானாம்.

அண்ணா கடைசிச் சண்டையில் சனக்கூட்டத்துக்குள் எங்களை விட்டுப் போனவன். ஒரு ஆளைப் பார்த்துவிட்டு உடனே வருவதாகச் சொன்னான். இருக்கிறான் என்றோ இல்லை என்றோ இன்றைக்கு வரைக்கும் ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. காணாமல் போனவர்களின் மற்ற அம்மாமாரோடு அம்மாவும் அவனுடைய படத்தை மடியில் வைத்துக்கொண்டு தெருவோரக் கொட்டிலில் போய் இருந்த காலம் உண்டு. முழங்கால் ஏலாமல் போனபிறகு வீட்டிலேயே இருக்கிறார். அப்பா இல்லை, அவர் சண்டைக்கு முதலே நெஞ்சு நோவில் போய்விட்டார். ஆகவே நான் போனால் அம்மா தனிய. அரிய உலோகமாவது மண்ணாங்கட்டியாவது, அந்தப் பரலுக்குள் இருந்து எனக்கு வேண்டியிருந்தது அம்மாவோடு இருக்க இன்னும் சில வருஷம்.

வேலையைச் சொல்லச் சுலபம். கழிவை அரைத்து, சூளையில் வறுத்து, அமிலத்தில் ஊற வைத்து வடித்தால் பழுப்பு நிறத்தில் ஒரு கரைசல் வரும். உலோகம் எல்லாம் அதற்குள்தான். ஆனால் இரும்பும் சுண்ணாம்பும் நிறைய, எங்களுக்கு வேண்டியது சொட்டு. அந்தச் சொட்டை மட்டும் பிடித்து இழுக்கிற மருந்து ஒன்று இருக்கிறது. கோஸ்டிக் சோடா கொஞ்சம் விட்டு அதை உசுப்பி, மண்ணெண்ணெயில் கலந்து, கரைசலோடு ஒரு பிரிபுனலில் ஊற்றிக் குலுக்கவேண்டும். பிறகு புனலை அசையாமல் வைத்தால் தண்ணீர் கீழே போகும், எண்ணெய் மேலே மிதக்கும். நல்ல உலோகம் மருந்தோடு எண்ணெய்க்குள் ஏறிவிடும், இரும்பும் சுண்ணாம்பும் பெரும்பாலும் தண்ணீரோடு போய்விடும். கீழ்க் குழாயைத் திறந்து தண்ணீரை விட்டுவிட்டு, எண்ணெயைக் கடும் அமிலத்தால் கழுவினால் உலோகம் இறங்கி வரும். அதைப் படியவைத்துச் சுட்டால் வெளிறிய தூள் ஒன்று மிஞ்சும். முதல்முறை அந்தத் தூளைப் பார்த்தபோது ராத்தா "இவ்வளவுதானா?" என்று கேட்டார். எனக்கு அவரை அடிக்கவேண்டும் போல இருந்தது.

சின்ன அளவில் செய்தபோதெல்லாம் சரி வந்தது. கடைசியாக ஒரு பெரிய தொகுதி செய்து, அந்தத் தூளை வெளிநாட்டுக்காரருக்கு அனுப்பவேண்டும் என்றார்கள். அதைச் சோதித்துப் பார்த்துத்தான் திட்டத்தை நீடிப்பதா மூடுவதா என்று முடிவெடுப்பார்களாம். பரல் காலி. கழிவு முழுவதும் வடித்த கரைசலாக ஆய்வுகூடத்தில் இருந்தது. மருந்தும் ஒரு போத்தல்தான் மிச்சம். அந்த நேரம் பார்த்து, கலக்கிற சுத்தமான எண்ணெய் முடிந்துபோனது. கொழும்புக் கடைக்குப் போன் எடுத்தால் கப்பல் வரவில்லை என்ற ஒரே பாட்டு.

"சாதாரண மண்ணெண்ணெயிலை செய்யலாம் பிள்ளை" என்றார் பேராசிரியர். "அமிலத்தாலை வடிவாய்க் கழுவிப்போட்டுப் பாவியும். உலகத்திலை எத்தனையோ பேர் அப்பிடித்தான் செய்யினம்."

அவர் சொன்னதில் பிழையில்லை. ஆனால் அந்தக் கிழமை பெற்றோல் செட்டில் மண்ணெண்ணெயும் இல்லை. பளைக்கும் கிளிநொச்சிக்கும் இடையில் கேட்காத இடமில்லை. அப்போதுதான் குசினிக்குப் பின்னால் சாக்கு மூடி அம்மா வைத்திருக்கிற கான் நினைவுக்கு வந்தது. எங்கள் பக்கத்தில் இது ஒரு புதினம் இல்லை. பொருளாதாரத் தடைக்குள் வாழ்ந்து, ஜாம் போத்தல் விளக்கில் படித்து வளர்ந்த சனம். எந்த வீட்டிலும் ஒரு மூலையில் கொஞ்சம் மண்ணெண்ணெய் பதுங்கிக் கிடக்கும்.

அம்மாவிடம் கேட்டேன். அம்மா துவாயால் முகத்தைத் துடைத்தார்.

"உனக்குக் கட்டாயம் வேணுமோ?"

"இல்லாட்டி என்ரை வேலை போயிடும் அம்மா."

அம்மா எழும்பிப் போய்ச் சாக்கை விலக்கினார். நான் கானைத் தூக்கினபோது கையை அதன் மேல் வைத்துக்கொண்டு நின்றார். "இது கடையிலை வாங்கினபடி இல்லை. இன்னும் நல்லாய் இருக்கும்" என்றார். எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. சரி சரி என்று சொல்லிக்கொண்டு ஓடிவிட்டேன்.

புது எண்ணெயை நம்பக்கூடாது என்பது எனக்குத் தெரியும். அமிலத்தால் கழுவினேன். கொஞ்சம் எடுத்து, ஒதுக்கி வைத்திருந்த பழைய கரைசலோடு குலுக்கியும் பார்த்தேன். கீழே தண்ணீர், மேலே எண்ணெய், நடுவில் நேரான கோடு. "வடிவாப் பிரியுது தங்கச்சி" என்றார் ராத்தா. ஆனால் அது மருந்தும் சோடாவும் சேர்க்காமல் செய்த சோதனை. ஒரு போத்தல் மருந்தை வைத்துக்கொண்டு அதில் சோதனைக்கு ஊற்ற எனக்கு மனம் வரவில்லை.

பிறகு மிச்ச மருந்து முழுவதையும் ஊற்றினேன், சோடா விட்டேன், கரைசலையும் சேர்த்துக் குலுக்கினேன். எங்களிடம் இருந்த பெரிய புனல்கள் எல்லாவற்றையும் தாங்கிகளில் வரிசையாக வைத்துவிட்டுக் கோடு விழும் என்று பார்த்துக்கொண்டு நின்றோம். மேலும் இல்லை, கீழும் இல்லை. எல்லாப் புனலிலும் அடியில் இருந்து நுனி வரைக்கும் ஒரே மஞ்சள் கூழ்.

"கொஞ்சம் பொறுத்தால் பிரியும்" என்றார் ராத்தா. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தோம். பிரியவில்லை. அடுத்த நாளும் பிரியவில்லை. உப்புப் போட்டேன், சுடுதண்ணீருக்குள் வைத்தேன், அற்ககோல் விட்டேன், வடிதாளில் ஊற்றினேன். வடிதாள் அடைத்துக்கொண்டது. சுழற்றிப் பிரிக்கிற இயந்திரத்தில் போட்டேன், அரைவாசியில் கரண்ட் போய்விட்டது, வந்தபிறகு போட்டும் அதே கூழ். தலைக்கு மேலே வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்று, வேலை முடிந்து வடக்கே வீட்டுக்குப் போகவேண்டிய நான் தெற்கே பஸ் ஏறி முறிகண்டிப் பிள்ளையாரடியில் இறங்கினேன். பிரயாணம் போகிறவர்கள் வழிக்காவலுக்கு உடைக்கிற இடத்தில், ஒரு பிரிபுனலுக்காகத் தேங்காய் உடைத்தேன். இரசாயனம் படித்தவள். வெட்கமாகத்தான் இருந்தது. உடைத்தேன்.

பிள்ளையாரும் கைவிட்டார். பேராசிரியர் வந்து புனல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "வெண்ணெய் திரளேக்கை தாழி உடைஞ்ச கதையாப் போச்சு" என்று மட்டும் சொன்னார். அவர் ஏசியிருந்தால் நானும் திருப்பி நாலு கதை சொல்லியிருப்பேன். அவர் ஏசவில்லை. நான் போய்க் குழாயைத் திறந்தேன்.

அங்கே நின்று கழுவிக்கொண்டிருந்தபோதுதான் கையில் பட்டது. கூழ் ஒட்டியிருந்த கண்ணாடி முகவை வழுக்கியது. மண்ணெண்ணெய் வழுக்குகிற மாதிரி இல்லை, வேறு வழுக்கல். எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்காது, வெள்ளைத் திரளாக வாளியில் போய் ஒட்டிக்கொள்ளும். உடுப்புத் தோய்க்கிற எல்லோருக்கும் தெரிந்த சனியன் அது. அந்தத் திரள் இப்போது முகவையின் விளிம்பில் ஒட்டிக்கொண்டு இருந்தது. நான் அந்த முகவைக்குச் சவர்க்காரம் போடவே இல்லை. விரலை மணந்து பார்த்தேன். மண்ணெண்ணெய் மணத்துக்குக் கீழே, தலைக்கு வைத்துக் காறிப்போன தேங்காய் எண்ணெயின் மணம்.

தேங்காய் எண்ணெயும் கோஸ்டிக் சோடாவும் சேர்ந்தால் சவர்க்காரம். பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். பழைய எண்ணெய் என்றால் சோடா பட்டவுடனேயே ஆகிவிடும். கரைசலில் இருந்த சுண்ணாம்பும் இரும்பும் அந்தச் சவர்க்காரத்தோடு கட்டிப்பிடித்துக்கொண்டு கூழாகிவிட்டன. அமிலத்தால் கழுவினால் தேங்காய் எண்ணெய் போகாது. நான் அந்த ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் யோசித்திருந்தேன்.

வீட்டுக்குப் போனபோது அம்மா முற்றத்தில் கொப்பராவைப் புரட்டிப் போட்டுக்கொண்டு இருந்தார். பளையில் எதற்குக் குறைவிருந்தாலும் தேங்காய்க்குக் குறைவில்லை.

"அம்மா, அந்தக் கானுக்கை மண்ணெண்ணெய் மட்டுமே இருந்தது?"

"எண்ணெயும் கலந்ததுதானே."

"என்ன எண்ணெய்?"

"எங்கடை தேங்காய் எண்ணெய்தான். கொண்ணன் கலக்கிற அளவுக்குத்தான் விட்டனான்."

நான் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். அண்ணாவிடம் ஒரு பழைய மோட்டார்சைக்கிள் இருந்தது. தடைக் காலத்தில் வன்னிக்குள் பெற்றோலும் வராது, எஞ்சின் ஒயிலும் வராது. சின்னப் போத்தலில் இருக்கிற சொட்டுப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணிவிட்டு மண்ணெண்ணெயில் ஓடுவார்கள். எஞ்சின் இறுகாமல் இருக்க அண்ணா தேங்காய் எண்ணெய் கலப்பான். அவன் ஒழுங்கையால் போனால் பின்னால் வெள்ளைப் புகையும், வடை சுடுகிற மணமும் வரும். "கொண்ணர் கடை திறந்திட்டாரோ?" என்று பக்கத்து வீட்டு மாமி என்னைக் கேட்டுச் சிரிப்பார். மணம் வந்து கொஞ்சத்தில் அவன் வீட்டுக்கு வந்துவிடுவான். அம்மா மணத்தை வைத்துத்தான் கோப்பையில் சோறு போடுவார்.

"மோட்டார்சைக்கிளே இல்லையே அம்மா. எங்கடை கண்ணுக்கு முன்னாலைதானே விட்டிட்டு வந்தனாங்கள்."

"வந்தானெண்டால் ஏதாவது ஒண்டு எடுப்பான்" என்றார் அம்மா. "பெற்றோலுக்குச் சனம் வரிசையிலை நிண்ட வருஷம் யோசிச்சன். இப்ப அவன் வந்தால் என்னத்தை ஊத்தி ஓடுவான் எண்டு. அதுதான் நானும் போய் நிண்டு வாங்கிக் கலந்து வைச்சனான்."

"பிறகேன் எனக்குத் தந்தனீங்கள்?"

அம்மா கொப்பராவைப் புரட்டுவதை நிறுத்தவில்லை. "கண்ணுக்கு முன்னாலை நிக்கிற பிள்ளை கேக்குது. நான் வேறை என்ன செய்யிறது."

எனக்கு யாரில் கோபப்படுவது என்று தெரியவில்லை. அம்மாவிலும் கோபம் வந்தது, அண்ணாவிலும் வந்தது, என்னிலும் வந்தது. சத்தம் போட்டு அழவேண்டும் போல இருந்தது. கழுவுவதற்கு ஒரு கோப்பை கூடக் கிட்ட இல்லை.

"உன்ரை வேலை சரி வந்ததோ?" என்று அம்மா கேட்டார்.

"ஓம் அம்மா" என்றேன். "சரி வந்திட்டுது."

அம்மா என் முகத்தைப் பார்த்தார். பிறகு கொப்பராவை அள்ளத் தொடங்கினார்.

நோய் தெரிந்தால் மருந்தும் தெரியும். சவர்க்காரத்தை உடைக்க அமிலம் போதும். அடுத்த நாள் காலை ஒவ்வொரு புனலுக்குள்ளும் கடும் அமிலம் விட்டேன். கூழ் தளர்ந்து, கீழே தண்ணீரும் மேலே எண்ணெயுமாகப் பிரிந்தது. ராத்தா "அல்ஹம்துலில்லா" என்று என் தோளைப் பிடித்தார். ஆனால் அவ்வளவு அமிலம் விட்டால் மருந்து பிடித்ததையெல்லாம் விட்டுவிடும். நல்ல உலோகம், இரும்பு, சுண்ணாம்பு எல்லாம் மறுபடியும் ஒரே தண்ணீருக்குள். எண்ணெய்க்குள் காறின கொழுப்போடு மருந்து. சோடா பட்டால் திரும்பவும் கூழ்தான். வேறு மருந்துமில்லை, பரலில் கழிவுமில்லை. முன்பு நின்ற இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தோம், கையில் ஒன்றுமில்லாமல்.

கிடைத்ததைப் படியவைத்துச் சுட்டோம். வெளிறிய தூள் வரவேண்டிய இடத்தில் செங்கல் நிறத்தில் ஒன்று வந்தது. ஒளித்து என்ன பயன் என்று பேராசிரியர் நடந்ததை எழுதி, தூளையும் அனுப்பினார். பதில் மரியாதையாகத்தான் வந்தது. முயற்சியை மதிக்கிறார்களாம், திட்டத்தைத் தொடர முடியாதாம்.

"உமக்கு ஒரு இடம் கேட்டிருந்தன்" என்றார் பேராசிரியர் கொஞ்ச நாள் கழித்து. "அங்கை, அவையின்ரை ஆய்வுகூடத்திலை. ஓமெண்டிட்டினம். யோசிச்சுச் சொல்லும்."

கழிவு வந்த இடத்துக்கே நான் போகவேண்டும். சுரங்கத்துக்குப் பக்கத்து ஊராம். மருந்துக்கும் பஞ்சமில்லை, எண்ணெய்க்கும் பஞ்சமில்லை. ஓம் என்று சொல்லாமல் இருக்க ஒரு வழியாவது கிடைக்குமா என்று தெரிந்த கதவெல்லாம் தட்டிப் பார்த்தேன். பள்ளிக்கூடங்களில் கேட்டேன், ஜெயபுரத்தில் பால் சேகரிக்கிற நிலையத்தில் கூடக் கேட்டேன். "இவ்வளவு படிச்சிட்டு இங்கை என்ன செய்யப்போறியள்?" என்று எல்லா இடத்திலும் சிரித்துக்கொண்டே அனுப்பினார்கள்.

அம்மாவுக்குச் சொன்ன அன்று அவர் அழவில்லை. அங்கே குளிரோ என்று கேட்டார். சோறு கிடைக்குமோ என்று கேட்டார். என்னோடு வரும்படி கெஞ்சினேன். "நான் வந்தால் இஞ்சை ஆர் இருக்கிறது?" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

போவதற்கு முதல் நாள் பின்னேரம், குசினிக்குப் பின்னால் இருந்து கூப்பிட்டார். சாக்கு விலக்கிக் கிடந்தது. நான் வெறுமையாகக் கொண்டுவந்து வைத்த கான் மறுபடியும் நிரம்பியிருந்தது. பக்கத்தில் அதே அளவில் புதுக் கான் ஒன்று.

"இது கொண்ணன்ரை" என்று பழையதைத் தொட்டார். "இது உன்ரை."

"எனக்கேன் அம்மா மண்ணெண்ணெய்?"

"வரேக்கை வேலைக்குத் தேவைப்படும். உன்ரையுக்கை நான் ஒண்டும் கலக்கேல்லை. மூடியைத் திறந்து மணந்து பார்."

"நான் காணாமல் போகேல்லை அம்மா" என்று கத்திவிட்டேன். "நான் வேலைக்குப் போறன். போட்டு வாறன்."

"ஓம்" என்றார் அம்மா. "கொண்ணனும் உடனை வாறன் எண்டுதான் சொன்னவன்."

பிறகு இரண்டு கானையும் சுவரோடு நெருக்கி வைத்து, ஒரே சாக்கால் மூடிவிட்டு, எனக்குச் சோறு போட உள்ளே போனார்.